படத்தில் இல்லாத வடிவம்

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எபிசன் அடுக்களை மேசையில் ஒரு எவர்சில்வர் பாத்திரத்தை வைத்து, அதிலிருந்த தண்ணீரைச் சரியாக ஐம்பத்திரண்டு டிகிரிக்குக் கொண்டுவந்திருந்தான். கொட்டாரம் ஊரில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் அவன். சூட்டை அளந்து வேலை செய்வது அவனுக்குப் புதிதல்ல. வெப்பமானியை மூன்று முறை பார்த்துவிட்டு மனைவியை நோக்கித் தலையசைத்தான். ஷிபா, நான்கு மாதக் குழந்தை அஜிஷாவின் இடது காலிலிருந்து பட்டைகளைப் பிரித்து, அந்தச் சிப்பியைக் கழற்றிக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் அதற்கு நீளமான ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. பாதத்தையும் கணுக்காலையும் சேர்த்துக் கவ்விப் பிடிக்கிற, வெளிறிய நிறத்தில் வரிவரியாக இருக்கிற ஒரு பிளாஸ்டிக் உறை அது. குழந்தையைக் குளிப்பாட்ட வருகிற உலகம்மை முதல் நாளே அதைப் பார்த்துவிட்டு, "கடல் சிப்பி மாதிரியில்லா இருக்கு" என்றாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்குப் பெயர் சிப்பி.

தண்ணீரில் போடும் முன்பு சிப்பியைப் படத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்பது டாக்டர் சொன்ன ஒழுங்கு. பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளில் ஐந்து படங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு சூட்டளவு. இப்போது சிப்பி இரண்டாவது படத்தைப் போல இருக்க வேண்டும். இன்றைக்குச் சுடுதண்ணீரில் மூன்று நிமிடம் கிடந்தால் மூன்றாவது படத்தைப் போல மாற வேண்டும்.

எபிசன் சிப்பியை இரண்டாவது படத்தின் அருகே பிடித்தான். தலைகீழாகப் பிடித்துவிட்டோமோ என்று திருப்பினான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டான். விரல் பக்கம் படத்தில் இருப்பதைவிட வெளியே பார்த்தது. குதிகால் பக்கம் ஒருச்சாய்ந்து கிடந்தது. அது இரண்டாவது படம் இல்லை. மூன்றாவதும் இல்லை. நான்கும் ஐந்தும் இல்லவே இல்லை. முதல் படத்துக்குத் திரும்பிப் போய்விட்டதா என்று பார்த்தால், அதுவும் இல்லை.

ஷிபாவும் பார்த்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பாத்திரத்துத் தண்ணீர் மெல்ல ஆறிக்கொண்டிருந்தது.

அஜிஷா பிறந்தபோதே அவளது இடது பாதம் உள்பக்கமாக மடங்கியிருந்தது. கொஞ்ச நாளிலேயே மாவுக்கட்டுப் போட்டு, வாரம் ஒரு முறை மாற்றி மாற்றி நிமிர்த்திவிடலாம் என்றார்கள். மூன்று கட்டுப் போட்டார்கள். மூன்று முறையும் உள்ளே தோல் கொப்புளித்துப் புண்ணாகியது. மூன்றாவது கட்டைப் பிரித்த அன்று ஷிபா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுததை எபிசன் இன்னும் மறக்கவில்லை. அப்போதுதான் திருவனந்தபுரத்தில் டாக்டர் சிவப்ரியாவைப் பார்க்கச் சொன்னார்கள். நாகர்கோவில்காரி. பன்னிரண்டு குழந்தைகளை வைத்துப் புதிய முறை ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தாள். அதில் அஜிஷா பதினோராவது குழந்தை.

குழந்தையின் காலை அளந்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, அடுக்கடுக்காக அச்சிட்டு எடுக்கிற உறை அது. டாக்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினாள். அச்சாகி வரும்போது அது நேரான பாதத்தின் வடிவத்தில்தான் வருகிறது. அதற்குப் பிறகு சூடாக்கி, படிப்படியாகக் கோணலாக்கி, குழந்தையின் கால் இன்றைக்கு எப்படி இருக்கிறதோ அந்த நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். மறுபடியும் சூடு பட்டால், அது தன் முதல் வடிவத்தை நினைத்துக்கொண்டு திரும்பிப் போகப் பார்க்கும். கொஞ்சம் சூட்டுக்குக் கொஞ்சம், அதிக சூட்டுக்கு அதிகம். வாரம் ஒரு படி. உறை திரும்பினால், அதற்குள் இருக்கிற காலும் கூடவே மெல்லத் திரும்பும்.

எபிசன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். வீட்டுக்கு வந்த பிறகு சிப்பியை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தான். போனுக்கு நினைவு உண்டு. அது எந்தச் சில்லுக்குள் இருக்கிறது என்று அவனால் தொட்டுக் காட்ட முடியும். இதில் சில்லும் இல்லை, கம்பியும் இல்லை. வெறும் பிளாஸ்டிக். அது எதை வைத்து நினைத்துக்கொள்கிறது என்று அவனுக்குப் பிடிபடவே இல்லை.

டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன காரியம் ஒன்று உண்டு. சொன்ன நாளில், சொன்ன சூட்டில் மட்டுமே அது மாற வேண்டும். வெயிலில் வைக்கக் கூடாது, மூடிய வண்டிக்குள் வைக்கக் கூடாது. ஒரு முறை தப்பினால் குறித்துக்கொண்டு சரிசெய்வார்கள். இரண்டாவது முறை தப்பினால் குழந்தையைச் சோதனையிலிருந்து எடுத்துவிடுவார்கள். பிறகு பழையபடி மாவுக்கட்டு, பழையபடி புண். கடைசியில் குதிகால் தசைநாணை வெட்டி நீட்ட வேண்டியும் வரலாம்.

எபிசன் படமெடுத்து ஆஸ்பத்திரி எண்ணுக்கு அனுப்பினான். கால் மணி நேரத்தில் பதில் வந்தது. சிப்பியை மறுபடியும் காலில் மாட்ட வேண்டாம், காலை மெல்லிய துணியால் சுற்றி வையுங்கள், திங்கள்கிழமை காலையில் வாருங்கள். கடைசியாக ஒரு கேள்வி: இதற்கு எங்காவது சூடு பட்டதா?

அவன் 'இல்லை' என்று அடித்தான். அதை அழித்துவிட்டுத் 'தெரியவில்லை' என்று அனுப்பினான்.

தெரியாமலில்லை. புதன்கிழமை குழந்தை குளிக்கிற நேரத்தில் அவன் சிப்பியைக் கடைக்கு எடுத்துப் போயிருந்தான். பட்டை ஒன்றின் ஒட்டு விட்டிருந்தது. போன் பலகைகளில் ஈயத்தை உருக்குகிற சூட்டுக்காற்றுக் குழலை இரண்டே விநாடி காட்டி ஒட்டினான். சிப்பியின் உடம்பில் படவில்லை என்றுதான் நினைத்தான். திரும்பி வருகையில் அது ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில் இருந்தது. வெளியே நல்ல வெயில்.

இப்போது அவனுக்கு ஒரு யோசனை வந்தது. கடையைத் திறந்து, அதே குழலால் சூடுகாட்டி, இரண்டாவது படத்தைப் போலவே கையால் வளைத்துவிட்டால் என்ன? திங்கள்கிழமை டாக்டர் பார்க்கும்போது சிப்பி சரியாக இருக்கும். படம் எடுத்த கோணம் தவறு என்று சொல்லிவிடலாம். கடைச் சாவி சட்டைப் பைக்குள் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

ஏழு மணிக்கு ஷிபா ஜெபத்துக்கு விளக்கைப் போட்டாள். மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு, சபையில் அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்து. யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால், யாரிடமாவது ஒளித்த காரியம் இருந்தால், முந்தின நாளே அதைச் சொல்லித் தீர்த்துவிட்டுத்தான் பந்திக்குப் போக வேண்டும் என்று அந்தச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. பல வீடுகளில் அது வெறும் வாய்ச்சொல்லாகத் தேய்ந்துவிட்டது. எபிசன் வீட்டிலும் அப்படித்தான். ஒவ்வொரு மாதமும் 'ஏதாவது உண்டா' என்று இவன் கேட்பான், 'ஒண்ணுமில்ல' என்று அவள் சொல்வாள், பாட்டு ஆரம்பிக்கும்.

அன்றைக்கு அவன் கேட்கும் முன்பே ஷிபா பேசினாள்.

"ஒரு காரியம் சொல்லணும். நேத்து நான் சிப்பிய அடுப்புக்க பக்கத்துல ஜன்னல்ல வச்சிட்டு மறந்துட்டேன். அரை மணிக்கூர் இருந்திருக்கும். நான்தான் கெடுத்துட்டேன்."

இரண்டு நாளாக உலகம்மை வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். கருங்கல் ஊரில் இருக்கிற ஷிபாவின் அம்மாவுக்கு முட்டுவலி, வர முடியாது. அதனால் வெள்ளியும் சனியும் ஷிபாவே குழந்தையைக் குளிப்பாட்டினாள். பழக்கமில்லாத வேலை, பதற்றத்தில் எதை எங்கே வைத்தாள் என்றே தெரியவில்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டு அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குற்றம் முழுவதும் தானாக அவள் மடியில் போய் உட்கார்ந்துவிட்டது. இனி அவன் வாயைத் திறக்கவே வேண்டாம். மனிதனுக்கு இதைப் போன்ற வசதியான நிமிடங்கள் வாழ்க்கையில் அதிகம் வருவதில்லை. வரும்போது நாம் யார் என்பது நமக்கே தெரிந்துவிடுகிறது. எபிசன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் பாயின்மேல் வைத்தான்.

"நீ இல்ல ஷிபா. புதன்கிழமை நான் அத கடைக்குக் கொண்டுபோனேன். பட்டைய ஒட்டுறதுக்கு ஹாட் ஏர் காட்டினேன்."

"பிள்ளைக்க காலோடயா?"

"காலு இங்கதானே இருந்துது, ஏட்டி."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணீரும் வந்தது. கடையைத் திறந்து ஒருவருக்கும் தெரியாமல் வளைத்துவிடலாம் என்று நினைத்ததையும் அவன் சொன்னான். சாவியை அவள் எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஜெபம் முடிந்த பிறகுதான் குழப்பம் அதிகமாயிற்று. எபிசன் கணக்குப் போட்டுப் பார்த்தான். குழலின் சூடு பட்டிருந்தால் பட்டை ஒட்டிய இடத்தில்தானே வளைந்திருக்க வேண்டும். இங்கே மாறியிருப்பது விரல் பக்கமும் குதிகால் பக்கமும். சீட்டுக்கு அடியிலிருந்த வெயில் சூடு அவ்வளவு வராது. அடுப்பங்கரை ஜன்னலில் வெப்பமானியை வைத்துப் பார்த்தான், நாற்பதைக்கூடத் தொடவில்லை. சூட்டில் மாறினால் படத்தில் உள்ள ஏதாவது ஒரு வடிவமாகத்தானே மாற வேண்டும்? படத்திலேயே இல்லாத வடிவம் எங்கிருந்து வந்தது? குற்றவாளிகள் இரண்டு பேர் கிடைத்தும், குற்றம் யாருடையது என்று தெரியவில்லை.

கடைசியில் ஷிபாதான் வழி சொன்னாள். வியாழக்கிழமை வரை தினமும் சிப்பியைக் கழற்றியதும் மாட்டியதும் உலகம்மைதான். புதன்கிழமை மாட்டும்போது அது எப்படி இருந்தது என்று அவளிடம் கேட்டால் தெரிந்துவிடும். காய்ச்சலாய்க் கிடப்பவளைப் போய்ப் பார்த்த மாதிரியும் ஆகும்.

அந்த இரவு அஜிஷா சரியாக உறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் துணியைப் பிரித்தபோது பாதம் மறுபடியும் உள்ளே பார்க்கத் தொடங்கியிருந்தது. கொஞ்சம்தான். ஆனால் பெற்றவர்களுக்குக் கொஞ்சம் போதும்.

ஆராதனை முடிந்து, கொட்டாரத்தில் ஒரு ரொட்டியும் அரை கிலோ ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு, சுசீந்திரம் போகிற சாலையில் வயலை ஒட்டியிருந்த உலகம்மையின் வீட்டுக்குப் போனார்கள். உலகம்மைக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவன் இல்லை. மகன் சுதீஷ் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். அந்த ஊரில் சாதி, மதம் பார்க்காமல் எல்லார் வீட்டுப் பிள்ளைகளையும் குளிப்பாட்டுகிறவள் அவள். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைத் தன் கணைக்கால்மேல் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, சூடுவெள்ளம் விட்டு, தலையை உருட்டி, மூக்கைப் பிடித்து எடுத்துவிடுவாள். கொட்டாரத்தில் அழகான மூக்கு உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் அவள் தன் கையைத்தான் காரணம் சொல்வாள்.

அவள் முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். காய்ச்சல்காரியைப் போல இல்லை. இவர்களைக் கண்டதும் சட்டென்று எழுந்து நின்றாள். கீரை முறம் கவிழ்ந்தது. அவள் முகத்தில் இருந்தது பயம் என்று எபிசனுக்குப் புரிந்தது, எதற்கு என்றுதான் புரியவில்லை.

ஷிபா ஒன்றும் கவனிக்காதவளாய்க் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று விசாரித்து, ரொட்டியையும் ஆரஞ்சையும் நீட்டினாள். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுவிடாதீர்கள் என்றும் சொன்னாள்.

இவர்கள் சண்டைக்கு வந்திருந்தால் உலகம்மையும் சண்டைக்கு நின்றிருப்பாள். அதற்கு வேண்டிய பதில்களை இரண்டு நாளாகச் சேர்த்துவைத்திருந்தாள். ரொட்டிக்கு அவளிடம் பதில் இல்லை. பொதியை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, திண்டாடிப்போய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல மக்கா. நான் கள்ளம் சொல்லி அனுப்பினேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். வியாழக்கிழமை சிப்பியில் புளித்த பால் நாற்றம் அடித்தது. பிள்ளைத்துணிகளை எல்லாம் கொதிக்கிற தண்ணீரில் அலசுவது அவள் வழக்கம். பிள்ளையின் காலில் கிடக்கிறதை மட்டும் நாற்றத்தோடு எப்படி விடுவது? அடுப்பிலிருந்து ஒரு செம்பு வெந்நீர் எடுத்து அதன்மேல் விட்டாள்.

"கையில கிடந்து மீன் மாதிரி துள்ளிச்சு தம்பி. துள்ளிட்டு ஒரே நிமிர்ப்பா நிமிந்துட்டு. எனக்கு உயிரே இல்ல. பிள்ளைக்க காலையே ஒடிச்சிட்டேன்னு நெனச்சேன். பொறவு, தலை உருட்டுற மாதிரி பைய பைய பிடிச்சு, அது காலுக்க வாக்குல வளைச்சுக் கொண்டுவந்தேன். ஆறினதும் கல்லு மாதிரி ஆயிட்டு."

எபிசனுக்கு ஒரு திரை விலகியதைப் போலிருந்தது. சூட்டில் கடைசிப் படம் வரை ஓடிப்போன சிப்பியை இவள் கையால் திருப்பிப் பிடித்திருக்கிறாள். குழந்தைகளின் மூக்கையும் தலையையும் பிடித்துப் பழகிய கை. ஆகையால்தான் அது எந்தப் படத்திலும் இல்லை.

ஷிபாவின் முகம் மாறியிருந்தது. "அத அண்ணைக்கே சொல்லியிருக்கலாம்லா அக்கா? ரெண்டு நாளு அந்தக் கோணல் பிள்ளைக்க காலுல கிடந்திருக்கு."

உலகம்மை தலை நிமிரவில்லை. "சொன்னா பொறவு பிள்ளைய தொட விடமாட்டியோன்னு பேடிச்சேன்."

வயலில் எங்கோ ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஷிபாவுக்குக் கோபம் இருந்தது. அது நியாயமான கோபம். அதைச் சொல்லித் தீர்த்திருந்தால் யாரும் அவளைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் காலையில்தான் அவள் மன்னிப்புப் பெற்றவளாகப் பந்தியில் கை நீட்டி அப்பம் வாங்கியிருந்தாள். தோளில் கிடந்த அஜிஷா சிணுங்கத் தொடங்கினாள். துணி சுற்றிய காலை உதறி உதறி அழுதாள். ஷிபா தட்டிக்கொடுத்துப் பார்த்தாள். எபிசன் வாங்கி ஆட்டிப் பார்த்தான். அழுகை ஏறிக்கொண்டே போயிற்று.

ஷிபா குழந்தையை அவனிடமிருந்து வாங்கினாள். ஒரு கணம் நின்றாள். பிறகு குனிந்து உலகம்மையின் மடியில் கிடத்தினாள்.

அது ஒரு பெரிய காரியம் அல்ல. பத்திரிகையில் வருகிற காரியமும் அல்ல. ஆனால் கர்த்தர் இதுபோன்ற சின்னக் காரியங்களைத்தான் கையில் எடுத்துக்கொள்கிறார் என்று எபிசன் பின்னால் பல முறை நினைத்துக்கொண்டான். உலகம்மை குழந்தையின் பாதத்தைப் பிடித்தாள். கட்டைவிரலைப் பாதத்தின் ஓரத்தில் வைத்துப் பையத் தடவினாள். அழுகை விக்கலாயிற்று. விக்கலும் நின்றது.

"நாளைக்கு எங்க கூட திருவனந்தபுரம் வாறியளா அக்கா?" என்று ஷிபா கேட்டாள்.

திங்கள்கிழமை காலை ரயிலில் நான்கு பேரும் போனார்கள். சிப்பியை ஒரு டிபன் பாத்திரத்துக்குள் ஈரத்துணி சுற்றி எபிசன் மடியில் வைத்திருந்தான். உலகம்மை அந்தப் பாத்திரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. ஜன்னலோர இருக்கையைக் கொடுத்தும் உட்காரவில்லை. வெயில் அடித்தால் தன்மேல் இருக்கிற சூடு அதற்கும் ஏறிவிடுமோ என்று பயந்தாள்.

டாக்டர் சிவப்ரியா சிப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டாள். எபிசன் சூட்டுக்காற்றுக் குழலைச் சொன்னான். அவன் முடிக்கும் முன்பே ஷிபா அடுப்பங்கரை ஜன்னலைச் சொன்னாள். இரண்டு பேரையும் தள்ளிக்கொண்டு உலகம்மை முன்னால் வந்து, செம்பு வெந்நீரைச் சொன்னாள். டாக்டரின் பேனா தாளின்மேல் அப்படியே நின்றது.

"குத்தத்தை அடுத்தவங்க தலையில கட்டுறதத்தான் பாத்திருக்கேன். ஒரே குத்தத்துக்கு மூணு பேரு போட்டி போடுறத இப்பத்தான் பாக்கேன்" என்றாள். பிறகு மூன்றையும் எழுதிக்கொண்டாள்.

அடுத்த அறையில் ஓர் இளைஞன் சிப்பியை ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் இறக்கினான். அதில் தண்ணீர் எழுபது டிகிரி. உலகம்மை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எபிசன் கண்ணை இமைக்காமல் பார்த்தான். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குதிகால் பக்கம் மெல்ல எழுந்தது. விரல் பக்கம் திரும்பியது. யாரும் தொடவில்லை. தூக்கத்திலிருந்து எழுந்து சோம்பல் முறிக்கிறதைப் போல அது விரிந்து, நிமிர்ந்து, ஐந்தாவது படத்தைப் போல, நேரான ஒரு சின்னப் பாதத்தின் வடிவத்தில் வந்து நின்றது.

"செத்துப் போகல்லியா அது?" உலகம்மை முந்தானைக்குள்ளிருந்து கேட்டாள்.

சாகவில்லை, அதற்கு எல்லாம் நினைவிருக்கிறது என்று டாக்டர் சொன்னாள். மறுபடியும் படிப்படியாக மடக்கிக்கொள்ளலாம். பிறகு குழந்தையின் காலைப் பார்த்தாள். குதிகாலின் ஓரத்தில் மெல்லிய சிவப்பு இருந்தது. உலகம்மை வளைத்ததில் விரல் பக்கம் ஏறக்குறையச் சரி, குதிகால் பக்கம் முழுத் தவறு என்றாள். இன்னும் இரண்டு நாள் அதைப் போட்டிருந்தால் அந்த இடத்தில் புண் வந்திருக்கும். எபிசன் தன் கடைச் சாவியை நினைத்துக்கொண்டான். அதுவும் சேர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நினைக்க அவனுக்குப் பிடிக்கவில்லை. மாற்றியது வெந்நீர் மட்டும்தான் என்பதால் ஒரே தப்பு என்று டாக்டர் பதிவுசெய்தாள். இன்னொன்றுக்கு இடமில்லை.

ஆனால் சிக்கல் முடியவில்லை. இந்த இரண்டு வாரத்தில் கால் மாறியிருந்தது. அதனால் புதிதாக அளவெடுத்தால்தான் சிப்பியைச் சரியாக மடக்க முடியும். அதற்குப் பாதத்தை இப்போது நிமிர்கிற அளவுக்கு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் அசையாமல் வைத்திருக்க வேண்டும். முதல் தடவை நான்கு முறை முயன்றும் முடியாமல், உத்தேசமாக ஓர் அளவை எடுத்திருந்தார்கள். இந்தத் தடவை அந்த உத்தேசம் உதவாது என்று டாக்டர் சொன்னாள். அளவு கிடைக்காவிட்டால் சிப்பி இல்லை.

நர்ஸ் பிடித்தாள், அஜிஷா வீறிட்டாள். ஷிபா பால் கொடுத்துக்கொண்டே பிடித்துப் பார்த்தாள். கால் மட்டும் தனியாக உதைத்தது. டாக்டரே பிடித்தாள். கருவி மூன்று முறை பாதியில் நின்றது. மணி பன்னிரண்டாயிற்று.

ஷிபா டாக்டரைப் பார்த்தாள். "இந்த அக்கா பிடிச்சா அழமாட்டா" என்றாள்.

உலகம்மை பின்னுக்கு நகர்ந்தாள். தன் கையைத் தானே பார்த்துவிட்டு, "இந்தக் கை வேண்டாம் மக்கா" என்றாள். ஷிபா குழந்தையை நீட்டிக்கொண்டே நின்றாள். பிறகு உலகம்மை, நாற்காலி தனக்கு ஆகாது, தரையில் ஏதாவது விரித்துத் தாருங்கள் என்றாள்.

ஆஸ்பத்திரி விரிப்பைத் தரையில் போட்டார்கள். அவள் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, தினமும் குளிப்பாட்டக் கிடத்துகிறதைப் போலவே அஜிஷாவைக் கணைக்கால்மேல் கிடத்தினாள். டாக்டர் பக்கத்தில் முழந்தாளிட்டு, பாதத்தை எந்தக் கோணத்தில் பிடிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். உலகம்மை டாக்டரின் விரல் இருந்த இடத்தில் தன் விரலை வைத்து, டாக்டரின் விரலை மெல்ல விலக்கிவிட்டாள். அளவெடுக்கிற இளைஞன் கருவியோடு தரையில் குப்புறப் படுத்தான். அஜிஷா மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தாள். எதையோ பெரிய யோசனை செய்கிறவளைப் போலப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். உலகம்மை மட்டும் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அது சுசீந்திரம் கோயில் சாமி தாணுமாலயனிடம் வைக்கிற வேண்டுதலாக இருக்கலாம். எபிசனும் தன் ஆண்டவரிடம் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தான். பதினோரு நிமிடம் ஆயிற்று.

புறப்படும்போது உலகம்மை டாக்டரிடம் ஒரு சந்தேகம் கேட்டாள். இனி அது நாறினால் என்ன செய்வது? தன்னிடம் ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லையே.

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். முதல் நாள் தான் கொடுத்த குறிப்புகளை எடுத்துப் பார்த்தாள். ஆங்கிலத்தில் நான்கு பக்கம். பெற்றோர் கையெழுத்துப் போட இடம் இருந்தது. தினமும் அந்தச் சிப்பியைக் கழற்றி மாட்டுகிற கையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. எபிசனும் ஷிபாவும் அதைப் படித்தவர்கள்தான். உலகம்மைக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கும் தோன்றியிருக்கவில்லை. டாக்டர் உலகம்மையை நாற்காலியில் உட்காரவைத்து, பச்சைத்தண்ணீர், துளி சோப்பு, நிழலில் உலர்த்தல் என்று எல்லாவற்றையும் சொல்லி, அவளைத் திரும்பச் சொல்லவைத்தாள். புதிய படத்தாளின் அடியில் பேனாவால் தமிழிலும் எழுதிக்கொடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை மாலை எபிசன் மறுபடியும் பாத்திரத்தை மேசைமேல் வைத்தான். டாக்டர் ஒரு படி பின்னால் போய்த் தொடங்கச் சொல்லியிருந்ததால் இன்றைக்கு நாற்பத்தேழு டிகிரி. சிப்பி முதல் படத்தைப் போலவே இருந்தது; மூன்று முறை ஒத்துப் பார்த்தான். உலகம்மை வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே வர மாட்டேன் என்றாள். ஷிபா போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து, வெப்பமானியை அவள் கையில் கொடுத்தாள்.

சிப்பி தண்ணீருக்குள் போயிற்று. கொஞ்ச நேரத்தில் விரல் பக்கம் ஒரு நெல்மணி அளவு திரும்பி நின்றது. உலகம்மை ஷிபாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எபிசன் அதை வெளியே எடுத்து இரண்டாவது படத்தின் அருகே பிடித்தான். கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் பார்த்தான். சரியாக இருந்தது. எப்படி என்று அவனுக்கு இன்னும் புரியவில்லை. டாக்டர் இரண்டு முறை விளக்கியிருந்தாள், ஆனாலும் புரியவில்லை.

உலகம்மை பச்சைத்தண்ணீர்ச் செம்பை எடுத்தாள். முதலில் தன் முழங்கையில் கொஞ்சம் விட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு சிப்பியின்மேல் விட்டுக் குளிரவைத்து, துடைத்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

"நாத்தம் இல்ல" என்று சொல்லி, அஜிஷாவின் காலை மடியில் எடுத்துவைத்துப் பட்டையைப் போட்டாள்.